மாடியில் இரண்டு அறைகள்

பூங்கனி கவுன்சிலர் ஆனது அவள் ஆசைப்பட்டு அல்ல. 2006-ல் கொன்னைத்துறை நகராட்சியின் பதினோராவது வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். அதுவரை அங்கே மாறி மாறி நின்றுகொண்டிருந்த இரண்டு ஆண்களும் தங்கள் மனைவிமாரை நிறுத்தினார்கள். இரண்டு வீட்டையும் பிடிக்காத, அந்த வார்டின் பாறைவிளைப் பெண்கள், தங்களோடு முந்திரிப்பருப்பு ஆலையில் தொலி உரித்துக்கொண்டிருந்த பூங்கனியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மனுத்தாக்கல் செய்ய வைத்தார்கள். அந்த ஆலையை அங்கே யாரும் ஆலை என்று சொல்வதில்லை. அண்டி ஆபீஸ் என்பார்கள். ஆபீஸில் கூலி குறைந்தால் மேஸ்திரி முன்னால் போய் நின்று கேட்கிறவள் அவள்தான். அவளுக்கு இருந்த தகுதி அவ்வளவுதான். நாற்பத்தொரு வாக்கில் ஜெயித்தாள்.

அவள் கணவன் சுயம்பு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன். மாலை போட்டவர்கள் எல்லாரும் போன பிறகு அவன் சொன்னான்.

"ஜெயிச்சாச்சு. இனி வெள்ளத்துக்கு எல்லாரும் நம்ம முற்றத்துலதான் வந்து நிப்பாவ."

தண்ணீரை அங்கே வெள்ளம் என்பார்கள். அவன் சொன்னபடியே ஆயிற்று. பாறைவிளை பெயருக்கு ஏற்ற இடம். குன்றின் அடிவாரத்தில் தொடங்கி உச்சி வரை நூற்றுச் சொச்சம் வீடுகள். எங்கே கிணறு தோண்டினாலும் இருபது அடியில் பாறை தட்டும். மாசி பிறந்தால் இருக்கிற கிணறுகளும் வற்றிவிடும். பிறகு அடிவாரத்து ரோட்டோரக் குழாய் ஒன்றுதான். அங்கிருந்து குடத்தைத் தலையிலும் இடுப்பிலும் வைத்துக்கொண்டு பெண்கள் ஏற வேண்டும். பூங்கனியும் கவுன்சிலர் ஆன பிறகு அப்படித்தான் ஏறினாள். மேலே ஒரு தொட்டி கட்டி, ஆற்றுத் தண்ணீரை ஏற்றித் தர வேண்டும் என்று எட்டு மாதத்தில் ஐந்து மனுக் கொடுத்தாள். ஒவ்வொரு மனுவுக்கும் பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. கூட்டத்தில் யாரும் அவளை மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. டீ கொடுத்தார்கள். அவள் பேசி முடித்ததும் அடுத்த பொருளுக்குப் போனார்கள்.

2007 ஜூனில் ஒரு நாள் தலைவர் முத்துநாயகம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சிமெண்டு, கம்பி விற்கிற கடைக்காரர். அறுபது வயது. குரலை உயர்த்தியே பேசமாட்டார்.

"இரிம்மா. மெயின் ரோட்டுல நம்ம பிரசவ ஆசுபத்திரி இருக்குல்லா, அந்த இடத்துல கடை கட்டுதுக்கு ஸ்கீம் வந்திருக்கு. இந்த மாசத்துக்குள்ள தீர்மானம் போவல்லண்ணா அது வேற ஊருக்குப் போயிரும். துப்புரவுக்காரங்களுக்கு ரெண்டு மாசமா சம்பளம் கொடுக்கல்ல. நான் எங்கேருந்து கொடுக்க? நாலு கடை வாடகை வந்தாதான் ஆபீசு ஓடும்."

"அங்க ஜெயபாய் சிஸ்டர் இருக்காவளே தலைவரே."

"இருக்காவ. போன மாசம் எத்தன பிரசவம் தெரியுமா? ரெண்டு. டாக்டர் வந்து மூணு வருசம் ஆச்சு. எல்லாரும் பெரிய ஆசுபத்திரிக்குத்தான் போறாவ. நான் பொய் பறயேல்ல. நீயே போய்க் கேட்டுப்பாரு."

மொத்தம் இருபத்தொரு கவுன்சிலர்கள். கடைக் கட்டடத்துக்குப் பத்துப் பேர் ஆதரவு, பத்துப் பேர் எதிர்ப்பு. அவர் அதைச் சொல்லவில்லை. பூங்கனிக்குத் தெரியும். மேஜை மேல் இருந்த பேனாவை எடுத்து மூடியை மாட்டிக்கொண்டே அவர் சொன்னார்.

"அதே கூட்டத்துல, அடுத்த தீர்மானம் உனக்க பாறைக்குத் தொட்டி. பொது நிதியிலேருந்து. யோசிச்சுச் சொல்லு."

பூங்கனி நேராகப் பிரசவ ஆசுபத்திரி நர்ஸ் ஜெயபாயிடம் போனாள். ஓடு போட்ட பழைய கட்டடம். முன்னால் ஒரு பெஞ்சு, உள்ளே ஆறு கட்டில். பூங்கனியின் இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் பிறந்தார்கள். மூத்தவளுக்கு வலி கண்டபோது அண்டி ஆபீஸிலிருந்து நேரே நடந்து வந்து, கையில் அண்டிக் கறையோடேயே படுத்தாள். அப்போது ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர் இருந்தார்கள். இப்போது ஆறும் காலி. ஜெயபாய் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டுதான். தலைவர் சொன்னது உள்ளதுதான்" என்றார் அவர். "ஆனா அந்த ரெண்டு பேரு யாருண்ணு கேட்டியா? ஒருத்தி செங்கச்சூளைக்கு வந்த வடக்கத்திப் பிள்ளை. பாஷை தெரியாது. மற்றவ உனக்க அண்டி ஆபீசுக்காரி, மாப்பிள்ள இல்லாதவ. வேற போக்கு இல்லாதவதான் இப்பம் இங்க வாறா. அதுக்காச்சுட்டி இத மூடணுமா, அதுக்காச்சுட்டி வச்சிருக்கணுமாண்ணு நீங்கதான் சொல்லணும். நான் அரசாங்கச் சோலிக்காரி."

மறுநாள் ஜஸ்டஸ் வீட்டுக்கு வந்தான். நாலாவது வார்டு கவுன்சிலர், குழித்துறை கோர்ட்டில் வக்கீல். எதிர்க்கிற பத்துப் பேருக்கும் அவன்தான் வாய்.

"அக்கா, நீங்க கை தூக்குனா தீந்துச்சு. ஏழைங்களுக்கு உள்ள ஒரே ஆசுபத்திரி. நாளைக்கு ஒரு பிள்ளைக்கு என்னெங்கிலும் ஆனா யாரு பதில் பறய?"

"நீங்க பத்துப் பேரும் சேந்து எனக்கு ஒரு தொட்டி தர முடியுமா ஜஸ்டஸு?"

அவன் டீயைக் குடித்து முடித்தான்.

"நாங்க தலைவர் ஸ்தானத்துக்கு வந்தா கட்டாயம் செய்வோம்."

"அது எப்பம்?"

ஜஸ்டஸ் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டான். வெளியே இரண்டு பெண்கள் குடத்தைக் கீழே வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவன் அவர்களைத் தாண்டி இறங்கிப் போனான்.

பூங்கனி மூன்று நாள் யோசித்தாள். சுயம்புவிடம் கேட்டதற்கு, எதைச் செய்தாலும் திட்டுவார்கள், வெள்ளம் குடித்துக்கொண்டு திட்டு வாங்குவது நல்லது என்றான். நாலாம் நாள் அவள் தலைவரிடம் போய் ஒரு நிபந்தனை சொன்னாள். புதுக் கட்டடத்தில் பிரசவ ஆசுபத்திரிக்கு இரண்டு அறை வேண்டும். அது தீர்மானத்திலேயே எழுதியிருக்க வேண்டும். முத்துநாயகம் தலையாட்டினார்.

"நியாயந்தான். கீழ முழுக்கக் கடை. மாடியில எழுதிப் போடலாம்."

கூட்டத்தில் எழுத்தர் தீர்மானத்தை வாசித்தார். ஜஸ்டஸ் இருபது நிமிஷம் பேசினான், நன்றாகவே பேசினான். அவன் பேசும்போது பூங்கனி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு மாதமாக ஆபீஸுக்குப் போகாமல் இருந்தும் கறை முழுக்கப் போகவில்லை. பிறகு கையைத் தூக்கினாள். பதினொன்றுக்குப் பத்து. அடுத்த தீர்மானம், பாறைவிளைக்கு மேல்நிலைத் தொட்டி, எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. ஜஸ்டஸும் அதற்குக் கை தூக்கினான். தீர்மானப் புத்தகம் கையெழுத்துக்கு வந்தபோது அவள் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை வாசித்தாள். எட்டாம் வகுப்பு படித்தவள். மாடியில் இரண்டு அறைகள், தாய் சேய் நல மையம் என்று இருந்தது. அவள் தேடியது அந்தச் சொற்களைத்தான். கையெழுத்துப் போட்டாள்.

ஆசுபத்திரியை இடித்தது அடுத்த வருஷம். கட்டில்களை லாரியில் ஏற்றினார்கள். பிரசவ மேஜை வாசலில் நுழையாமல் போனதால் அதன் காலை அறுத்து எடுத்தார்கள். ஜெயபாய் பிறப்புப் பதிவேடுகளை மட்டும் ஒரு சாக்கில் கட்டித் தன் மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனார். புதுக் கட்டடம் முடிகிற வரை ஒரு வாடகை வீட்டில் மையம் நடக்கும் என்றார்கள். அங்கே பிரசவம் பார்க்க அனுமதி இல்லை. சத்து மாத்திரை கொடுக்கலாம், எடை பார்க்கலாம்.

தொட்டி 2009-ல் முடிந்தது. மோட்டாருக்குக் கரண்டு கிடைக்க இன்னும் ஐந்து மாதம். உச்சி வீட்டுக் குழாயில் முதல் தண்ணீர் வந்த அன்று, முதலில் காற்று சீறியது, பிறகு செம்மண் கலங்கல், பிறகு தெளிந்த தண்ணீர். பெண்கள் மாறி மாறிக் கையை நீட்டினார்கள். யாரோ ஒருத்தி பூங்கனியின் தலையில் ஒரு கை அள்ளி ஊற்றினாள். எல்லாரும் சிரித்தார்கள். கவுன்சிலராக இருந்த ஐந்து வருஷத்தில் மனசு நிறைந்து அவள் வீட்டுக்கு நடந்தது அன்று ஒரு நாள்தான்.

ஒரு மாதத்தில் சண்டை தொடங்கியது. கீழ் வீடுகளில் குழாயைத் திறந்தால் மேலே ஏறாது. ஒருநாள் மேலே, ஒருநாள் கீழே என்று முறை வைத்தாள். முறை தப்பினால் அவள் முற்றத்தில் வந்து நின்று சத்தம் போட்டார்கள். மோட்டார் ஓட்டுகிறவன் குடித்துவிட்டு வராத நாட்களில் அவளே போய் சுவிட்சைப் போட்டாள்.

2010 ஐப்பசியில், நல்ல மழை. பாறைவிளையில் ஜினிஷா என்ற பெண்ணுக்கு நாள் முந்தி வலி கண்டது. புருஷன் கல்ஃபில். மாமியார்க்காரி பூங்கனியின் வீட்டுக்கு ஓடி வந்தாள். பூங்கனி ஆட்டோ பிடித்து இருவரையும் ஏற்றித் தானும் ஏறிக்கொண்டாள். குழித்துறை ஆசுபத்திரிக்குப் போக வேண்டும். வழியில் மெயின் ரோட்டில், ஆசுபத்திரி இருந்த இடத்தைத் தாண்டினார்கள். மழையில் கம்பிகள் நீட்டிக்கொண்டு தூண்கள் மட்டும் நின்றன. ஜினிஷா கண்ணை மூடியிருந்தாள், அதைப் பார்க்கவில்லை. ரயில்வே கேட் அடைத்திருந்தது. ஒரு ரயில் போயிற்று, இன்னொன்று வர வேண்டும் என்றான் ஆட்டோக்காரன். அந்தக் காத்திருப்பில் பிள்ளை பிறந்தது. பூங்கனியின் சேலை முந்தானையில்தான் அதை ஏந்தினார்கள். ரத்தம் நிற்கவில்லை. கேட் திறந்து ஆசுபத்திரி போய்ச் சேர்ந்தபோது ஜினிஷாவின் உதடு வெளுத்திருந்தது. ஒன்பது நாள் படுக்கையில் இருந்து பிழைத்தாள். பிள்ளையும் பிழைத்தது.

ஒருவரும் பூங்கனியைக் குறை சொல்லவில்லை. மாமியார்க்காரி, நீ இல்லாட்டி நாங்க என்ன செய்திருப்போம் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பூங்கனி அந்தக் கையை விடுவித்துக்கொண்டு, வராந்தாக் குழாயில் நெடுநேரம் சேலையைக் கழுவினாள்.

மறுவாரம் தலைவரிடம் போய் இரண்டு அறையைப் பற்றிக் கேட்டாள்.

"கட்டி முடியட்டும்மா" என்றார் முத்துநாயகம். அவருக்கு அப்போது சர்க்கரை அதிகமாகிக் காலில் கட்டுப் போட்டிருந்தது. காண்டிராக்டர் இடையில் ஓடிவிட்டான், இரண்டாவது ஆளைப் பிடித்திருந்தார்கள். ஜெயபாய் அந்த வருஷம் மே மாதமே ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய இடத்துக்கு ஆள் போடவில்லை. வாடகை வீட்டையும் காலி செய்துவிட்டார்கள்.

2011 தேர்தலில் தலைவரை மக்களே நேராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஜஸ்டஸ் நின்றான். ஏழைகளின் பிரசவ ஆசுபத்திரியை விற்றவர்கள் என்று ஜீப்பில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனான். பாறைவிளைக்குள் மட்டும் அந்த வாக்கியத்தை அவன் சொல்லவில்லை. அது அவனுடைய நல்ல குணம் என்றே பூங்கனிக்குத் தோன்றியது. அவன் ஜெயித்தான். பூங்கனி தோற்றாள். கீழ் வீடுகள் எல்லாம் அவள் மேல்வீட்டுக்காரி என்று மாற்றிக் குத்தின. மேல் வீடுகளில் பாதியும் அவளுக்குக் குத்தவில்லை. அவளுக்கு வருத்தத்தைவிட அலுப்புதான் இருந்தது. தை மாதம் அண்டி ஆபீஸில் திரும்பச் சேர்ந்தாள். மேஸ்திரி மாறியிருந்தான். பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள்.

கடைக் கட்டடத்தை ஜஸ்டஸ்தான் திறந்துவைத்தான். கீழே பன்னிரண்டு கடை. ஐந்து ஏலம் போயிற்று. மாடியில் இரண்டு அறை, பூட்டு.

ஒரு சனிக்கிழமை அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு அவள் ஜஸ்டஸைப் பார்க்கப் போனாள். அவன் எழுந்து நின்று வரவேற்றான். முடி நரைக்கத் தொடங்கியிருந்தது. மேஜையில் கோப்புகள் குவிந்து கிடந்தன.

"அந்த ரெண்டு அறை ஆசுபத்திரிக்கு உள்ளது. தீர்மானத்துல இருக்கு."

"எனக்கும் அப்படித்தான் நெனவு அக்கா." அவன் பழைய தீர்மானப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னான். பக்கத்தைத் தேடி எடுத்து, அவள் பக்கம் திருப்பி, ஒரு சொல்லில் விரலை வைத்தான். "வாசியுங்க."

மாடியில் இரண்டு அறைகள் தாய் சேய் நல மையத்திற்கு ஒதுக்கலாம்.

"ஒதுக்கப்படும்ணு இருந்தா நான் கொடுத்தே ஆவணும். ஒதுக்கலாம்ணா, கொடுக்கவும் செய்யலாம், கொடுக்காமலும் இருக்கலாம். ஆடிட்டுல அத வாடகைக்கு விடச் சொல்லி எழுதியிருக்காவ. நர்சு போஸ்டு வேற இல்ல. நான் என்ன செய்ய?"

கீழே அவளுடைய கையெழுத்து இருந்தது. நிதானமாக, தெளிவாகப் போட்ட கையெழுத்து.

"அன்னைக்கு நீ இதக் கண்டியா?" என்று கேட்டாள்.

அவன் புத்தகத்தை மூடினான். "கண்டேன். நீங்க அவருக்க ஆளா ஆயிட்டியண்ணு ஒரு கோவம். சொல்லல்ல."

போகிற வழியில் முத்துநாயகத்தின் கடையில் ஏறினாள். அவர் ஒரு காலை ஸ்டூலின் மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். அவள் சொன்னதைக் கேட்டு முகம் சுளித்து யோசித்தார். ஏமாற்ற வேண்டும் என்று எழுதச் சொன்னதில்லை, எழுத்தர் எல்லாத் தீர்மானத்திலும் அப்படித்தான் எழுதுவான், ஆட்சேபம் வராமல் இருக்க என்றார். அவள் அதை நம்பினாள். யாராவது திட்டம் போட்டுத் தன்னை ஏமாற்றியிருந்தால் திட்டிவிட்டாவது போயிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

ஜெயபாய் வீடு தேங்காய்ப்பட்டணம் போகிற ரோட்டில். மகன் கட்டிய வீடு. பூங்கனி எல்லாவற்றையும் சொல்லி, என்னுடைய தப்புதான் சிஸ்டர், நான் சரியாக வாசிக்கவில்லை என்றாள். ஜெயபாய் அவளுக்குக் கட்டன்சாயா போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"ஏட்டி, மாடியிலயா பிரசவம் பாப்பா? வலி எடுத்தவளத் தூக்கிக்கிட்டு ஆரு படியேறுவா? ஒதுக்கப்படும்ணு எழுதியிருந்தாலும் அங்க ஒரு பிள்ளையும் பிறந்திருக்காது. நீ மாடியில அறை கேட்டண்ணு தெரிஞ்ச அன்னைக்கே நான் அத விட்டாச்சு."

பூங்கனி தம்ளரைக் கீழே வைத்தாள்.

"அப்பம் ஏன் என்கிட்ட சொல்லல்ல?"

"உனக்கு வெள்ளம் வேணும்லா. நீ முடிவு செய்துட்டுத்தான் அறை கேட்டது. மனசு சமாதானத்துக்குக் கேட்டது. அத ஏன் கெடுக்கணும்ணு இருந்துட்டேன்."

பிறகு இருவரும் வேறு விஷயம் பேசினார்கள். மகன், மருமகள், அண்டி ஆபீஸ் கூலி. கிளம்பும்போது ஜெயபாய் வாசல் வரை வந்தார். "தடுப்பூசி போடலாம். அதுக்குப் படி ஏறலாம். வட்டார நர்சு புதன்கிழமை எங்கயோ ஸ்கூல் வராந்தாவுலதான் போடுதா. அறை இருந்தா வருவா" என்றார்.

பூங்கனி அதைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றேகால் வருஷம் ஆயிற்று. ஆறு மனு, சுகாதாரத் துறைக்கு இரண்டு கடிதம், ஜஸ்டஸின் அறை வாசலில் எத்தனை சனிக்கிழமை என்று அவள் எண்ணவில்லை. வாடகைக்கு எடுக்க ஆள் வராததால் கடைசியில் ஒரு அறையைப் புதன்கிழமை மட்டும் பயன்படுத்திக்கொள்ள ஜஸ்டஸ் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். மற்ற அறையில் உடைந்த டியூப் லைட்டுகளும் தேர்தல் சாமான்களும் இருந்தன.

2013 ஆவணியில் முதல் புதன். பெருக்குவதற்கு நகராட்சியிலிருந்து ஆள் வரவில்லை. பூங்கனி ஆபீஸில் சொல்லிவிட்டு வந்து, விளக்குமாறு வாங்கி, தானே பெருக்கினாள். புறா எச்சத்தைச் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. பத்து மணிக்கு நர்ஸ் வந்தாள். பிறகு ஒவ்வொருவராகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு படி ஏறி வந்தார்கள். நீளமான, செங்குத்தான படிக்கட்டு. கைப்பிடிக் கம்பி வைக்காமல் விட்டிருந்தார்கள். பதினான்கு பிள்ளைகள் வந்தன.

பன்னிரண்டு மணியளவில் ஒரு இளம்பெண் ஒரு கையில் கைக்குழந்தையும் மறு கையில் மூத்த பிள்ளையுமாக வந்து, பாதிப் படியில் நின்றுவிட்டாள். முகமெல்லாம் வியர்வை. பூங்கனி இறங்கிப் போய் குழந்தையை வாங்கிக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு அவளைத் தெரியாது. களியக்காவிளைப் பக்கத்திலிருந்து கலியாணம் ஆகி வந்தவளாம்.

"கீழ இத்தன கடை பூட்டிக் கெடக்கு. பிள்ளையளுக்கு ஊசி போடுத இடத்த ஆரு கொண்டு இந்த மாடியில வச்சது?" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டே.

"நான்தான்" என்றாள் பூங்கனி.

அந்தப் பெண் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். கேலி செய்கிறாள் என்று நினைத்தோ என்னவோ, மேற்கொண்டு கேட்கவில்லை. குழந்தை பூங்கனியின் தோளில் எச்சில் ஒழுக்கிக்கொண்டு தூங்கியது. மேலே நர்ஸ் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். பூங்கனி மூத்த பிள்ளையைச் சுவர்ப்பக்கமாக நடக்கச் சொல்லிவிட்டு, அவர்களுக்கு முன்னால் படி ஏறினாள்.